பத்து மாத்திரையோடு நிறுத்துகிறவர்கள்

மருந்துக்கடையில் நிற்பவன் என்பதால் இதைச் சொல்கிறேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம் ஓர் அட்டையில் பத்து மாத்திரை. சீட்டில் ஒரு மாதத்துக்கு எழுதியிருக்கும். "முதல்ல ஒரு அட்டை குடுங்க, கேக்குதான்னு பார்ப்போம்" என்பார்கள். அது தீர்ந்ததும் பலர் திரும்பி வருவதில்லை. எங்காவது பார்த்துக் கேட்டால், "வயித்தைப் பிரட்டினதுதாங்க மிச்சம்" என்பார்கள்.

"மூளையில செரோடோனின் கம்மி, மாத்திரை போட்டா ஏறிடும்" என்று சொல்லிச் சொல்லியே இப்படி ஆக்கிவிட்டோம் என்பது என் எண்ணம். இரும்புச்சத்து மாத்திரைபோல நினைத்துவிடுகிறார்கள். மூளையில் சேதி கடத்தும் ரசாயனமான இந்தச் செரோடோனின் அளவில் மாற்றம் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். மனசு தெளியத்தான் இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். வெறும் பற்றாக்குறை என்றால் ஏன் இவ்வளவு தாமதம்?

அந்தப் பற்றாக்குறைக் கதையே தற்செயலாகப் பிறந்ததுதான். 1952இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியாசிட், நோயாளிகளை உற்சாகமாக்கியது. நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரிசர்பினோ, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட சிலரை மனச்சோர்வில் தள்ளியது. முதலாவது மூளையில் சில ரசாயனங்களைக் கூட்டும், இரண்டாவது குறைக்கும். அப்போ நோயே குறைபாடுதான் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். 2022இல் லண்டன் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, செரோடோனின் குறைபாட்டுக்கு உறுதியான ஆதாரமில்லை என்றார்கள். உடனே வாட்ஸ்அப்பில் "மாத்திரையே ஏமாற்று" என்று கிளம்பிவிட்டது. விளக்கம் தப்பு என்பதால் மருந்து கேட்காமல் போய்விடுமா என்ன? அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், முதல் மருந்திலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அறிகுறிகள் அடங்கின. மற்றவர்களில் பலருக்கு அடுத்தடுத்து மாற்றிப் பார்த்தபோது பலன் கிடைத்தது.

சரி, பரம்பரை? இரட்டையர் ஆய்வுகளில் மனச்சோர்வுக்கு மரபின் பங்கு சுமார் 37 சதவீதம். அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு 37 சதவீதம் வரும் என்று அர்த்தமில்லை. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் மரபுக்கு அவ்வளவு பங்கு. அதுவும் நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள், ஒவ்வொன்றும் துளியூண்டு. இதை வைத்துக்கொண்டு சம்பந்தம் பேசும்போது "அவங்க சித்திக்கு அந்த வியாதியாமே" என்று கிசுகிசுப்பது அநியாயம். ஆனால் டாக்டரிடம் அந்தச் சித்தியைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அவருக்கு இருந்தது அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் என்றால் மருந்துத் திட்டமே மாறக்கூடும்.

இன்னொன்று கல்லீரல் சமாச்சாரம். எஸ்சிட்டலோபிராமை உடைக்கும் நொதி ஒன்று, மரபு காரணமாகச் சிலருக்கு மந்தமாக வேலை செய்யும். தெற்காசியர்களிடம் இது சாதாரணம். அண்ணனுக்குப் பத்து மில்லிகிராம் சரியாக இருக்கும், தம்பிக்கு ஐந்தே அதிகமாகலாம். தாங்கவில்லை என்றால் நீங்களே நிறுத்தாமல், போய்ச் சொல்லி அளவை மாற்றி வாங்குங்கள்.