சிம்ப்சன் 1/3 விதிக்கு இரட்டைப்படைப் பிரிவு கட்டாயம்

"சிம்ப்சன்தான் துல்லியம், எத்தனை பிரிவு இருந்தாலும் 1/3 விதியையே போடுங்க" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சம இடைவெளியில் எடுத்த அளவுகளை வைத்துப் பரப்பைக் கணக்கிடும் முறை இது; இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ள துண்டுதான் பிரிவு. முதல் பாதி பெரும்பாலும் சரி. பிரிவை இரண்டு மடங்காக்கினால் ட்ரெப்பிசாய்டலில் (அளவுகளை நேர்கோட்டால் இணைத்துப் பரப்பைக் கூட்டும் விதி) பிழை சுமார் 4-ல் ஒரு பங்காகும், சிம்ப்சனில் 16-ல் ஒரு பங்காகும். இரண்டாவது பாதி தவறு.

நம்ம டெல்டாவில் கான்கிரீட் போட்ட செவ்வக வாய்க்கால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 5 மீட்டர், ஆழம் எங்கும் 1 மீட்டர். குறுக்குவெட்டுப் பரப்பு 5 சதுர மீட்டர் என்று கணக்கே போடாமல் சொல்லிவிடலாம். மீட்டருக்கு ஒரு அளவு எடுத்தால் 5 பிரிவு. இதில் 1/3 விதியைப் போட்டால் (இரு முனை அளவுகள் ஒருமுறை, இடையில் உள்ளவை மாறி மாறி 4 மடங்கு, 2 மடங்கு; இடைவெளி 1 மீட்டர் என்பதால் கூட்டியதை 3-ஆல் வகுத்தால் போதும்): (1+1+4×2+2×2)/3 = 4.67. தண்ணீர் எங்கே போனது?

1/3 விதி அளவுகள் வழியாகப் பரவளையங்களை (ஒருவகை வளைகோடுகளை) வரைந்து பரப்பைக் கூட்டுகிறது; ஒவ்வொரு பரவளையமும் இரண்டு பிரிவை மூடும். ஒற்றைப்படையில் ஒன்று அநாதையாக நிற்கும். முதல் 2 பிரிவுக்கு 1/3, மீதி 3-க்கு, மூன்று பிரிவை ஒன்றாக மூடும் சிம்ப்சன் 3/8 விதி போடுங்கள்: 2+3=5.

அப்புறம், ட்ரெப்பிசாய்டலைத் தள்ளிவிடாதீர்கள். மேட்டூர் திறக்குமுன் தூர்வாரும் வாய்க்காலில் புதர், சேறு என்று அளவுகள் சம இடைவெளியில் கிடைக்காது. அங்கே துண்டு துண்டாகக் கூட்ட அதுதான் கைகொடுக்கும். சிவில் படிக்கிற பிள்ளைகள் இதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு போகக்கூடாது.