பழுது பார்க்கும் ஆளும் ஊருக்குள்ளேயே வேண்டும்

ஸ்காட்லாந்தின் எக் (Eigg) தீவு பற்றிய உங்கள் கட்டுரை மிக அருமை. சுமார் நூறு பேர் வாழும் இடம், 2008 முதல் நீர், காற்று, சூரியன் மூன்றையும் சேர்த்துச் சொந்தமாக மின்சாரம் எடுக்கிறது. வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாதென்று கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், பராமரிப்பைத் தீவுக்காரர்களே கற்றுக்கொண்டு செய்வது.

எங்கள் கடலூர் மாவட்டத்தில் அதற்குத்தான் குறை. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி எல்லாம் தீவாகிவிடும். 2011 தானே புயலுக்குப் பிறகு பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இப்போது மானியத்தில் மாடியில் சோலார் போடுகிறார்கள், சரி. ஆனால் பேட்டரி இல்லாமல் ஊர் மின் லைனோடு இணைக்கும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி), லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். மாடியிலிருந்து லைனுக்குக் கரண்ட் போய், கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். புயல் ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடித்தாலும் வீட்டில் ஒரு விளக்கு எரியாது. வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அப்புறம் உப்புக்காற்று. எங்கள் தெருக்கோடி சோலார் விளக்கின் பெட்டிக்குள் ஒயர் மாட்டும் டெர்மினல் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. பேனலில் ஒரு குறையும் இல்லை. சுரண்டித் துடைத்து, கிரீஸ் தடவி மாட்ட ஆளில்லாமல் விளக்கு அணைந்தே கிடக்கிறது.

படகு இன்ஜினையே பிரித்து மாட்டும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஐடிஐ வழியாக அவர்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுங்கள், பஞ்சாயத்து மூலம் மாதச் சம்பளமும் கொடுங்கள். பேட்டரியோடு கூடிய சோலாரை முதலில் புயல் பாதுகாப்பு மையங்களில் வையுங்கள்.