பெலும் குகைக்கு வழிகாட்டி எதற்கு?

வழிகாட்டி இல்லாமல் எந்தக் குகைக்குள்ளும் நுழையாதீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காட்டுக் குகை என்றால் சரி. ஆந்திராவின் பெலும் குகைக்கு அது பொருந்தாது. மொத்தம் 3,229 மீட்டரில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான் திறந்திருக்கிறது, அதுவும் விளக்கு போட்ட பாதை. நானும் தம்பியும் தனியாகத்தான் சுற்றினோம். 46 மீட்டர் ஆழத்தில் பாதாளகங்கை என்ற சிற்றோடை. தண்ணீர் பாறைக்குள் போய் மறைகிற சத்தத்தைக் கேட்டபடி அங்கேயே வெகுநேரம் நின்றோம். அதற்குள் வழிகாட்டியோடு வந்த ஒரு கூட்டம் செல்ஃபி எடுத்துவிட்டு ஓடியே போய்விட்டது! புழுக்கம்தான் தாங்காது, வெளியே வரும்போது சட்டையைப் பிழியலாம். அப்புறம், கரண்ட் போனால் கும்மிருட்டு. டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.