முஸ்த்வே ரஷ்யர்கள் சோவியத் காலத்தில் வந்தவர்கள் அல்ல

"எஸ்தோனியாவில் பெய்ப்சி ஏரிக்கரையில் உள்ள முஸ்த்வே நகரின் ரஷ்யர்கள் எல்லாரும் சோவியத் அரசு கொண்டுவந்து குடியமர்த்தியவர்கள்" என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. அது பெருமளவு பொருந்துவது எஸ்தோனியாவின் இன்னொரு நகரான நார்வாவுக்கு: 1944-இல் போரில் தரைமட்டமான அந்த நகருக்குத்தான் பிறகு தொழிலாளர்கள் திரளாக வந்தார்கள்.

முஸ்த்வேயில் வேர்விட்டவர்கள் பழைய நம்பிக்கையாளர்கள். 1650-களில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத் திருச்சபையின் மறைமுதல்வர் நிக்கோன் வழிபாட்டு முறைகளை மாற்றினார், அதை மறுத்துப் பழைய முறையிலேயே நின்ற இவர்கள் துரத்தப்பட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இந்தக் கரைக்கு வரத் தொடங்கினார்கள். சோவியத் படை எஸ்தோனியாவைப் பிடித்தது 1940-இல். அதற்கு 2 ஆண்டு முன்பே, 1938-இல், முஸ்த்வே நகரத் தகுதி பெற்றுவிட்டது.

அடையாளம் இன்றும் கையிலேயே தெரியும். சிலுவை இடும்போது சுட்டுவிரலையும் நடுவிரலையும் நீட்டி, கட்டைவிரலை மற்ற இரு விரல்களோடு சேர்ப்பார்கள். மற்ற ஆர்த்தடாக்ஸ் மக்கள் முதல் மூன்று விரல்களைக் குவிப்பார்கள். இதுபோன்ற வழிபாட்டு வித்தியாசங்களுக்காக ஊரையே விட்டு வந்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள்!

பிழைப்பு மீனும் வெங்காயமும். தாழ்வான ஏரிக்கரை மண்ணில் நீர் தேங்கினால் வெங்காயம் அழுகிவிடும். அதனால் பாத்தியை உயர்த்தி, இடையே ஆழமாக வாய்க்கால் வெட்டுவார்கள். அறுத்ததை நன்றாக உலர்த்தி, தாளோடு சரமாகப் பின்னித் தொங்கவிடுவார்கள். இதெல்லாம் சோவியத் காலத்தில் முளைத்த பழக்கம் இல்லை.