தட்டட்டில (மொட்டை மாடில) ஏறிப் பாத்தா என்ன?

2001-க்கு முந்தி அரசாங்கத் திட்டத்துல ஏழைகளுக்குக் கட்டுன வீடுகளைப் பழுதுபார்க்க 2024-ல தமிழ்நாட்டு அரசாங்கத்துல திட்டம் அறிவிச்சாங்க. நல்ல திட்டம், அதைக் குறை சொல்லல. ஆனா நடக்க வேலையை யாருவே பாக்குதாங்க? எங்க பக்கத்து வீட்டு ஆச்சிக்கு, கூரையில துருப்பிடிச்ச கம்பியைச் சுரண்டாமலே மேல சிமெண்டைப் பூசிட்டுப் போயிட்டான் கான்ட்ராக்டர். வெரல வச்சு நிமிண்டுனா பொலபொலன்னு கொட்டுது. ஓவர்சீயர் வாசல்லயே வண்டிய நிப்பாட்டி, செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. உள்ள வந்து அண்ணாந்து பாக்கக் கூடாதா? தட்டட்டில ஏறுனா காலு தேஞ்சிருமா? கேட்டா, பில்லு போட்டாச்சுன்னு சொல்லுதாரு. ஐப்பசி மழைக்குக் காரை பேந்து ஆச்சி தலையில விழுந்தா அந்தப் பில்லா வந்து தாங்கும்? ஏழை வீடுன்னா அவ்வளவு இளக்காரமா? நெனச்சாலே வயிறு எரியுது!