கத்தோலிக்கர் மீட்பைச் ‘சம்பாதிக்க’ச் சொல்கிறார்களா?

‘நற்செயல் செய்து மோட்சத்தைச் சம்பாதிக்கலாம் என்பதே கத்தோலிக்கப் போதனை, விசுவாசத்துக்கு அங்கே இடமில்லை’ என்றொரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்குப் பதில் சொல்வதற்காகக் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கமே, 1547-இல், கிறிஸ்துவின் அருளில்லாமல் சொந்தச் செயல்களால் ஒருவர் கடவுள்முன் நீதிமானாகலாம் (கடவுளுக்கு ஏற்றவராகலாம்) என்பவரைச் சபைக்குப் புறம்பாக்கியது. நீதிமானாக்கப்படுதல் பற்றிய விதிகளில் முதல் விதியே அதுதான்! ஃபார்வர்டு எழுதியவர் முதல் விதியைக்கூடப் படிக்கவில்லை போலும்.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்கிறார்; தூய ஆவியைத் தந்து நற்செயலுக்கு அழைக்கிறார் என்கிறது அது. மெதடிஸ்டுகள் என்ற இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவினர் 2006-இல் அந்த அறிக்கையில் சேர்ந்தார்கள்.

வேறுபாடே இல்லையா? உண்டு. ‘விசுவாசத்தால் மட்டும்’ என்ற லூத்தரன் முழக்கத்தில்தான் உரசல். மனிதர் விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுகிறார் என்னும் ரோமர் 3:28-ஐ ஜெர்மனில் பெயர்த்த லூத்தர் ‘மட்டும்’ என்பதைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அச்சொல் இல்லை. யாக்கோபு 2:24-ஓ நீதிமானாக்கப்படுவது விசுவாசத்தினால் மாத்திரமல்ல என்கிறது. லூத்தரன்கள் எல்லாரும் கூட்டறிக்கையை ஏற்கவுமில்லை: அமெரிக்காவின் மிசௌரி சினட் சபை அதை நிராகரித்துவிட்டது.