பிடிபட்ட ஆமிக்காரர் எங்கே என்று நாங்களும் கேட்க வேண்டும்

காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி நாங்கள் வாய் திறந்தால் தெற்கிலிருந்து ஒரு கேள்வி வரும்: "புலிகள் பிடித்துக்கொண்டு போன இராணுவத்தினர் எங்கே?" எங்கள் வாயை அடைக்கத்தான் பலர் அதைக் கேட்கிறார்கள், தெரியும். ஆனாலும் கேள்வி நியாயமானது. யாழ்ப்பாணத்தில் அதை மதித்துப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு.

சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் காணாமல் போனதாகப் பதிவான 16,000க்கும் மேற்பட்டவர்களில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் படையினர். சண்டையில் செத்தாரா, உயிரோடு பிடிபட்டாரா என்றுகூடத் தெரியாத வீடுகள் அவை.

பிடிபட்ட எல்லோரும் கொல்லப்படவில்லை. 1986 கடைசியில், புலிகளின் தளபதி கிட்டு இங்கே யாழ்ப்பாணத்தில் பொறுப்பில் இருந்தபோது, பிடிபட்ட படையினர் இருவரை விடுவித்துத்தான் புலிகள் இயக்கம் அரசின் பிடியில் இருந்த தன் உறுப்பினர் அருணாவை மீட்டது. 1994 செப்ரெம்பரில் மன்னார்க் கடலில் சாகரவர்த்தன என்ற கடற்படைக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது பிடிபட்ட கடற்படை அதிகாரி அஜித் போயகொட, எட்டு வருடங்கள் கழித்து 2002 இல் கைதிகள் பரிமாற்றத்தில் வீடு திரும்பினார். அவர் உயிரோடு இருப்பது வெளியே தெரிந்திருந்தது. செஞ்சிலுவைக்காரர் போய்ப் பார்த்தார்கள், கடிதம் கொண்டுபோனார்கள். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த பொலிஸாருக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கானோரை இயக்கம் சுட்டுக் கொன்றது. சரணடையச் சொன்னது கொழும்பு என்பதால் கொன்றவர்களின் பொறுப்புக் குறையாது.

கைதியின் பெயரை மூன்றாவது ஆள் ஒருவர் எழுதிக்கொண்டால் அவரைக் கொல்வது கடினம். 2009 மே மாதம் போர் முடிந்தபோது முல்லைத்தீவு வட்டுவாகலில் நடந்ததையும் இப்படித்தான் பார்க்கிறேன். சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் கூடவே நிற்க, பெற்ற தாய்மார் பார்த்திருக்க, இயக்கத்தில் இருந்த பிள்ளைகள் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டார்கள். பதிவு செய்ய வெளியார் ஒருவரும் அங்கே இல்லை. இன்றுவரை பட்டியலும் இல்லை. அந்தப் பட்டியலை அரசிடம் கேட்கும் நாங்கள், இயக்கத்தின் கையில் இருந்தவர்களின் விபரத்தை மட்டும் எப்படித் தேவையில்லை என்று விடலாம்?

விசாகா தர்மதாசவின் மகன் 1998 இல் கிளிநொச்சிச் சண்டையில் காணாமல் போன இராணுவ அதிகாரி. அந்தத் தாய் வன்னிக்கே வந்து புலிகளிடம் கேட்டார். படையினர் அடையாளத் தகடு அணிய வேண்டும் என்று தன் பக்கத்து இராணுவத்தோடும் போராடினார். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 முதல் கிளிநொச்சியில் வீதியில் இருக்கும் எங்கள் அம்மாக்களுக்கு அவருடைய வலியை யாரும் விளக்கத் தேவையில்லை.

"அரசு முதலில் சொல்லட்டும்" என்பார்கள். யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் எலும்புகளாகக் கிளம்பியதைப் பார்த்தபின் அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அரசு சொல்லும்வரை ஒரு சிங்களத் தாயும் காத்திருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இயக்கத்தின் சிறைகளில் காவல் இருந்தவர்கள் சிலராவது இன்றும் எங்கள் நடுவில் இருப்பார்கள். யார் எங்கே வைக்கப்பட்டார், எந்தக் காணியில் புதைக்கப்பட்டார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசின் காணாமல் போனோர் அலுவலகத்தை நம்ப முடியாவிட்டால் செஞ்சிலுவையிடம் சொல்லுங்கள். அதுவும் பயம் என்றால், நீங்கள் நம்பும் ஒரு பாதிரியாரிடமாவது சொல்லிவிடுங்கள்.